குலவை வாங்கிய மழை அறிவிப்பு

வானிலை அலுவலகத்துப் பிள்ளைகள் மலர் ஒன்று போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்களிடம் ஆளுக்கு நாலு பக்கம் கேட்டு வாங்குகிறார்கள். என்னிடம் வந்த பிள்ளை, "மிஸ், கொஞ்சம் இனிமையா எழுதுங்க" என்றாள். இனிமை வேண்டுமென்றால் பேக்கரிக்குப் போ என்றேன். சிரித்தாள். நான் கோபமாகச் சொல்வதையெல்லாம் பகிடி என்று எடுத்துக்கொள்ளும் ஒரு தலைமுறை வந்திருக்கிறது. என் கோபத்துக்கு இப்போது மதிப்பே இல்லை.

அவளே இன்னொன்றும் கேட்டாள். கைபேசியைத் திறந்து காட்டினாள். மலைகளின் மேல் எங்கெங்கே மின்னல் விழுகிறது என்று சிவப்புப் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. "இது இல்லாம மழை வரும்னு நீங்க எப்படி மிஸ் சொன்னீங்க?" என்றாள். நாங்கள் கிளியை வைத்துச் சீட்டு எடுத்தோமா என்று கேட்பதுபோல இருந்தது. அதற்காகவே எழுதுகிறேன். எங்களிடம் கிளி இருக்கவில்லை. கிளி இருந்திருந்தால் மக்கள் இன்னும் கொஞ்சம் நம்பியிருப்பார்கள்.

நான் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பா தொழிற்சாலையில் ரோலர் பார்த்தவர், அம்மா கொழுந்து எடுத்தவர். லயம் என்ற வரிசை வீட்டில் எங்கள் காம்பராவில், அதாவது எங்கள் ஒற்றை அறையில், மாதா படம். அடுத்த காம்பராவில் பெருமாள் அண்ணன் வீட்டு மாரியம்மன் படம். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அவர்கள் வீட்டுச் சாம்பிராணி எங்கள் மாதாவுக்கும் சேர்த்துத்தான் புகைந்தது. இந்தப் பெருமாள் அண்ணன்தான் பிற்காலத்தில் அந்தத் தோட்டத்தின் தலைவர் ஆனார். தொழிற்சங்கத்துக்கும் தலைவர், கோயில் கமிட்டிக்கும் தலைவர், கல்யாண வீட்டில் பந்தி வைத்தால் அங்கேயும் தலைவர். அவரைப் பற்றிப் பிறகு நிறைய வரும்.

படித்துப் பரீட்சை எழுதி வானிலை அவதானிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேகங்களின் லத்தீன் பெயர்களைச் சிங்கள எழுத்தில் எழுதி, தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதினோம். வெப்பமானிகள் இரண்டு இருக்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அந்தத் துணி காய்ந்துவிட்டால் இரண்டும் ஒரே அளவைக் காட்டும், காற்று முழுக்க நனைந்திருக்கிறது என்று பொருளாகிவிடும். என்னோடு பயின்ற ஒருவன் துணிக்குத் தண்ணீர் விட மறந்துவிட்டு, உச்சி வெயிலில் கொழும்பு மூடுபனிக்குள் கிடப்பதாக எழுதிக் கொடுத்தான். ஆசிரியர் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். அவன் பின்னாளில் பெரிய பதவிக்குப் போனான். எங்கள் துறை அப்படி.

எனக்கு இரத்தினபுரி கிடைத்தது. சிறிய அலுவலகம், முன்னால் புல்வெளி, அதில் மழைமானி, வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானிகள். கொழும்பிலிருந்து வரும் பொது அறிவிப்பை எங்கள் மலைகளுக்குப் பொருந்தும்படி திருத்தி, கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்துக்கும் தோட்டங்களுக்கும் சொல்வது எங்கள் வேலை. பங்குனி, சித்திரை மாதங்களில் இந்த வேலையைப்போல அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது. ஏனென்றால் தினமும் ஒரே வாசகம். பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் இடியுடன் கூடிய மழை. நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். பஸ்ஸில் கண்டக்டர் என்னைக் கண்டால் "ரெண்டு மணி மிஸ் வாராங்க, இடம் குடுங்க" என்பான். மீன் கடையில் ஒரு கிழவர், "நானும் தினம் அதையேதான் சொல்றேன், எனக்கு யாரும் பென்ஷன் தரமாட்டேங்கிறான்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மாணிக்கக் குழி வைத்திருந்த முதலாளி ஒருவர் தினமும் மத்தியானம் தொலைபேசியில் வருவார். குழிக்குள் ஆள் இறக்கலாமா என்பதுதான் கேள்வி. மழை வரும் என்றால் "எங்கள் பக்கம் வராதே?" என்பார். உங்கள் பக்கமும் வரும் என்றால் "மெதுவாகத்தானே?" என்பார். நான் மழையைப் பேரம் பேசி விற்பதாக நினைத்துக்கொண்டார். ஒருநாள், "முதலாளி, குழிக்குள்ளே நீங்க எறங்குறீங்களா?" என்று கேட்டேன். "ஐயோ, நான் எதுக்கு?" என்றார். "அப்ப எறங்குறவங்ககிட்ட போனைக் குடுங்க, அவங்களுக்குச் சொல்றேன்." கொடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஆளை இறக்கவும் இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அப்போது எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் விமலசேன சேர். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. அவர் எனக்கு மேலே வந்து உட்கார்ந்ததில் எனக்கு எரிச்சல் இல்லை என்று சொன்னால், பொய் சொன்னதற்குப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டி வரும். மனிதர் அவசரமே படமாட்டார். காலம் எதுவானாலும் அவர் மேசையில் அந்தக் காலத்துப் பழம் இருக்கும். றம்புட்டானோ மங்குஸ்தானோ, எதையாவது உரித்துக்கொண்டுதான் பேசுவார். நான் எழுதிக் கொடுக்கும் அறிவிப்பை இடது கையால் பிடித்துப் படிப்பார், வலது கையில் பழச்சாறு வழியும். "மிஸ் ஸ்டெல்லா, இதில் 'பெய்யக்கூடும்' என்று நாலு இடத்தில் இருக்கிறது. ஒரு 'கூடும்' போதும். மூன்றைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார். நாங்கள் பேசிக்கொண்டது சிங்களத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவரிடம் ஒரு கட்டாய வழக்கம் இருந்தது. எந்தப் படம் வந்தாலும், எந்த எண் வந்தாலும், புல்வெளிக்குப் போய் வானத்தைப் பார்க்காமல் ஒரு வரி எழுதக் கூடாது. விண்ணிலிருந்து செய்மதி எடுத்த படம் கையில் இருக்கும்போது எதற்கு வெயிலில் நிற்க வேண்டும் என்று நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். "படம் வந்து சேர்வதற்குள் மேகம் வளர்ந்துவிடும். மேகம் நமக்காகக் காத்திருக்காது, சோம்பேறி நாம்தான்" என்பார். சொல்லிவிட்டு அவர் நிழலில் நிற்பார். வெயிலில் நிற்பது நான்.

பார்க்க வேண்டியவை மூன்று. முற்பகலில் மலை உச்சிகளுக்கு மேல் சிறு மேகத் தலைகள் எழும்பும். அது எந்நாளும் உண்டு. மத்தியானத்தை ஒட்டி அந்தத் தலைகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். விளிம்பு பூக்கோவா மாதிரி கெட்டியாக, வெட்டி எடுத்ததுபோல இருந்தால் உள்ளே காற்று இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. விளிம்பு பஞ்சாகப் பிரிந்தால், ஏறி முடித்துவிட்டது, இனிக் கொட்டும். மூன்றாவது, மேகம் நகர்கிறதா என்பது. இதுதான் முக்கியம். ஒரு தென்னை மரத்தையோ கம்பத்தையோ குறியாக வைத்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் மேகம் மலையை விட்டு நகர்ந்து, போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்துவிட்டுப் போகும். மேல்காற்று செத்துக் கிடக்கும் நாளில் அது மலை மேலேயே உட்கார்ந்துவிடும். கடலிலிருந்து வரும் காற்று கீழேயிருந்து அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். அது தன்னிடம் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே பள்ளத்தாக்கில் கொட்டும். ஒரு தோட்டத்தில் வெள்ளம் வரும், அடுத்த தோட்டத்தில் துணி காயும்.

இன்னொரு விஷயம் தோட்டத்தில் பிறந்ததால் எனக்குத் தெரியும். மலையடியில் நிற்பவருக்கு மலைக்கு அந்தப்புறம் நிற்கும் மேகம் தெரியாது. தலைக்கு மேலே நீலம்தான் தெரியும். தூரத்தில் இரத்தினபுரியில் நிற்கிற எனக்கு அந்த மேகத்தின் அடி முதல் முடி வரை தெரியும். அதனால்தான் தோட்டத்து ஆட்களால் எங்களை நம்ப முடியாது. அவர்கள் கண்ணால் காண்பதற்கு எதிராக நாங்கள் பேசுவோம்.

இனி அந்த நாள்.

சித்திரை மாதம், சனிக்கிழமை. காலையிலேயே புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டியது. மேல்காற்று இல்லவே இல்லை என்று கொழும்பிலிருந்து தகவல் வந்திருந்தது. மத்தியானம் புல்வெளியில் நின்றேன். றக்வானைப் பக்கத்து மலைகளின் மேல் ஒற்றை மேகம் எழுந்து நின்றது. மற்ற இடமெல்லாம் வெறும் வானம். விளிம்பு கெட்டியாக இருந்தது. கம்பத்தைக் குறி வைத்துப் பார்த்தேன். நகரவில்லை. விமலசேன சேர் நிழலை விட்டு வெயிலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். அதிலிருந்தே விஷயம் பெரிது என்று புரிந்துகொண்டேன்.

"அதன் கீழே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

அதன் கீழே எங்கள் தோட்டம் இருந்தது. அன்றைக்கு அங்கே மாரியம்மன் திருவிழா. பின்னேரம் கரகம் பாலிக்கும் நாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பூசாரியும் கமிட்டியும் பெண்களும் பிள்ளைகளுமாகத் தோட்டமே ஆற்றுக்கு இறங்கும். ஆற்றுக்கு நடுவில் மணல் திட்டு ஒன்று உண்டு. அங்கேதான் குடத்தில் தண்ணீர் எடுத்து, பூச்சுற்றி, கரகம் கட்டி, பூசாரி தலையில் ஏற்றிக்கொண்டு, தப்பு என்கிற பறையின் சத்தத்தோடு கோயிலுக்கு ஏறுவார்கள். ஆறு என்று பெயரே தவிர, கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடும் கல்லோடை. இரண்டு பக்கமும் செங்குத்தான கரை. ஏறுவதற்கு ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. மேலே மலையில் கொட்டினால் அத்தனை தண்ணீரும் அந்த இடுக்கு வழியாகத்தான் வர வேண்டும். யோசித்துப் பாருங்கள். இடிமழை மாதம், இடிமழை நேரம், ஆற்றின் நடுவில் முந்நூறு நானூறு பேர். இப்படி ஒரு நாளையும் நேரத்தையும் இடத்தையும் வேண்டுமென்றே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் திருவிழாவாகவே வைத்திருக்கிறோம்.

பெருமாள் அண்ணனின் கைபேசிக்கு எடுத்தேன்.

"அண்ணே, ஸ்டெல்லா பேசுறேன், ரத்னபுரியிலேருந்து."

"அடடே, தங்கச்சி! என்னா, மேகத்துக்குள்ளேருந்தா பேசுற?"

"வெளாட்டு இல்லண்ணே. இன்னைக்குப் பின்னேரம் ரொம்பப் பெரிய மழை வரும். ஒங்க மலைக்கு மேலதான்."

"நெசமாவா சொல்ற?"

"நெசமாத்தான். ஒங்களுக்குத்தான் வரும், வேற எங்கயும் இல்ல."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தியது எனக்குக் கேட்டது. "ஏய், கேட்டுக்கங்க! கவர்மெண்டே சொல்லிருச்சு! ஆத்தா இன்னைக்கு மழையோட வாராளாம்! நம்ம தோட்டத்துக்கு மட்டுந்தானாம்!"

அந்தப் பக்கம் பெண்கள் குலவை போட்டார்கள்.

என் வேலைக் காலத்தில் எத்தனையோ அறிவிப்புகள் எழுதியிருக்கிறேன். திட்டு வாங்கியிருக்கிறேன், கிண்டல் வாங்கியிருக்கிறேன். குலவை வாங்கியது அன்றைக்கு மட்டும்தான்.

போனை வைத்தேன். "என்ன சொல்கிறார்கள்?" என்றார் விமலசேன சேர்.

"குலவை போட்டாங்க, சேர்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"மழை வரும்னு சொன்னேன்."

அவர் சிரிக்கவில்லை, ஆனால் வாயை மூடிக்கொள்ளச் சிரமப்பட்டார். "மிஸ், மாரியம்மன் கோயிலில் போய் மழை வரும் என்று சொன்னால் வேறு என்ன போடுவார்கள்? அவர்கள் நேர்ந்துகொண்டதே அதற்காகத்தானே. மழையைப் பற்றிப் பேசாதீர்கள். ஆள் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது, அதை மட்டும் சொல்லுங்கள்."

மறுபடி எடுத்தேன். "அண்ணே, மழைய விடுங்க. யாரும் ஆத்துக்குள்ள எறங்கக் கூடாது. தண்ணி வரும்."

"ஆத்துல தண்ணி வராம பாலா வரும்?"

"ஒங்க தலைக்கு மேல வெயில் அடிக்கும்போதே வரும்ணே. மேல மலையில கொட்டிரும். ஒங்களுக்குத் தெரியாது."

"இங்க பாரு தங்கச்சி, நீ வேதக்காரப் பொண்ணு. நான் ஒன்னும் தப்பாச் சொல்லல. ஒங்க மாதா திருநாளுக்கு என்னைக்காவது மழைன்னு சொல்லி நிப்பாட்டியிருக்கியா?"

எனக்கு வந்ததே கோபம். "மாதா ஆத்துக்குள்ள எறங்குறதில்லண்ணே, ரோட்டுலதான் போறாங்க. அவங்களுக்குப் புத்தி இருக்கு."

சொல்லி முடித்ததும் விமலசேன சேர் தன் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து ரிசீவரை வாங்கினார். அவருக்குத் தமிழ் தெரியும், கடைத்தெருவில் படித்த தமிழ். வினைச்சொல் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரும்.

"தலைவர், நான் பெரிய மாத்தயா பேசுறது. கரகம் நிப்பாட்டச் சொல்றது இல்ல. கரகம் ஓணும். அதுக்கு என்ன தண்ணி ஓணும்?"

பெரிய மாத்தயா, அதாவது பெரிய ஐயா, என்றதும் அண்ணனின் குரல் தணிந்தது. ஓடுகிற தண்ணீர் வேண்டும், கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்றார்.

"பீலி இருக்குதானே?"

பீலி என்றால் மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் விழும் இடம். லயத்துக்கு மேலே, ஆற்றுக்கு வெகு உயரத்தில் இருந்தது.

"பீலியா சேர்? அது நாங்க குளிக்கிற எடம்."

"கழுவுறது," என்றார் இவர்.

அண்ணன் பூசாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பூசாரி சம்மதிக்க மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் உடனே பதில் வந்தது. பீலித் தண்ணீரும் மலையிலிருந்து ஓடி வருகிற தண்ணீர்தானாம், ஆத்தாளுக்குப் பேதமில்லையாம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. பூசாரிக்கு மூட்டுவலி. அந்த ஒற்றையடிப் பாதையில் குடத்தைத் தலையில் வைத்து ஏறுவதை நினைத்து மனிதர் காப்புக் கட்டிய நாளிலிருந்து தூங்கவில்லையாம். செய்மதியும் நானும் செய்ய முடியாததைப் பூசாரியின் முழங்கால் செய்தது.

நான் மறுபடி புல்வெளிக்குப் போனேன். மேகத்தின் தலை பஞ்சாகப் பிரிந்து, கொல்லன் பட்டறைக் கல் மாதிரி தட்டையாக விரிந்துவிட்டது. அடி கறுத்திருந்தது. அந்த மலை உச்சியில் இப்போது கொட்டிக்கொண்டிருக்கும். ஆறு நிறைய வெகுநேரம் எடுக்காது. உள்ளே வந்து மூன்றாவது தடவையாக எடுத்தேன்.

"எல்லாரும் மேல வந்துட்டாங்களாண்ணே?"

"வந்தாச்சு தங்கச்சி. ஆத்துப் பக்கம் ஒரு பிள்ளை கெடையாது. பீலிக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சு, வாழை கட்டி, அப்படி இருக்கு. இங்க நல்ல வெயில், ஒம் பேச்சைக் கேட்டு..."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவர் குரலுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. விட்டு விட்டு, ஒரு தட்டு, பிறகு நிறுத்தம், பிறகு இரண்டு தட்டு. தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். தப்பைத் தீயில் காய்ச்சி, தோல் இறுகிவிட்டதா என்று தட்டிப் பார்க்கிறார்கள்.

"தப்பு எங்கண்ணே அடிக்குது?"

"அதுவா? கீழ. ஆத்து மணல்ல தீ போட்டுக் காய்ச்சுறானுங்க. அவனுங்க காலையிலேயே எறங்கிட்டானுங்க. கரகம் கெளம்புறப்ப ஆள் விட்டா வந்துருவானுங்க."

"இப்பத்தான் எல்லாரும் வந்தாச்சுன்னீங்க."

"ஆமா, எல்லாரும் வந்தாச்சு."

"எல்லாரும்னா யாருண்ணே?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. லயத்துக் கிழவிகளை ஒவ்வொருவராகக் கைப்பிடித்து மேலே கொண்டுவந்திருக்கிறார். ஆற்றங்கரையில் கட்டியிருந்த ஒரு ஆட்டைக்கூட அவிழ்த்து வரச் சொல்லியிருக்கிறார். தப்பு அடிக்கிறவர்கள் மட்டும் அவருடைய 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் இருக்கவில்லை. அவருக்கு மட்டுமல்ல, அந்தக் கமிட்டியில் ஒருவருக்கும் அவர்கள் நினைவுக்கு வரவில்லை. அடி என்றால் அடிக்க வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், மற்ற நேரத்தில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

நான் அப்போது சொன்னதை மலரில் அச்சிட முடியாது. சுருக்கமாக, போன் பண்ணி அவர்களை ஏறச் சொல்லுங்கள் என்று கத்தினேன்.

"அவனுங்க நம்பர் யாருகிட்ட இருக்கு?" என்றார்.

யாரிடமும் இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தக் கோயிலுக்கு அடிக்கிறவர்கள். மேலேயிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். கேட்கவில்லை. தப்புக் காய்ந்துவிட்டது போல, இப்போது விடாமல் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றால் இடி விழுந்தாலும் கேட்காது.

"ஓடுங்கண்ணே," என்றேன். "நீங்களே ஓடுங்க."

இதைச் சொல்லியாக வேண்டும். அவர் ஓடினார். இளவட்டம் எவனையாவது அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. தொந்தியும் வேட்டியுமாக, காலில் செருப்பு இல்லாமல், தேயிலைச் செடிகளுக்கு நடுவே அந்தச் சரிவில் இறங்கினார். போனை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை, கையிலேயே பிடித்திருந்தார். அதனால் எனக்கு எல்லாம் கேட்டது. மூச்சு, செடி உரசும் சத்தம், "ஆத்தா, ஆத்தா" என்று அவர் முனகியது, தப்புச் சத்தம். தப்புச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. அவர் ஆற்றை நெருங்குகிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம். திடீரென்று தப்பு நின்றது. "ஏறுங்கடா! அப்படியே விட்டுட்டு ஏறுங்கடா!" என்று அண்ணன் கத்தினார். வேறொரு குரல், "தண்ணி கலங்குது தலைவரே, பாருங்க, தண்ணி கலங்குது" என்றது. அதற்குப் பிறகு ஒரு இரைச்சல். பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

திரும்பத் திரும்ப எடுத்தேன். அவருடைய போன் செத்துக் கிடந்தது. கமிட்டியில் வேறு ஒருவருடைய எண்ணும் என்னிடம் இல்லை. நான் தலைவரை மட்டும்தான் அறிந்து வைத்திருந்தேன்.

விமலசேன சேர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "பின்னேர அறிவிப்பு எழுத வேண்டும், மிஸ்" என்றார்.

"இப்பவா சேர்?"

"அந்த ஆறு அந்தத் தோட்டத்தோடு நிற்காது. கீழே இன்னும் ஊர் இருக்கிறது. எழுதுங்கள்."

எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. எழுதினேன். அவர் வாங்கிப் படித்தார், ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. கச்சேரிக்கும் கீழ்ப்பக்கத்துக் கிராம சேவகர்களுக்கும் அவரே ஒவ்வொன்றாகத் தொலைபேசி எடுத்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். ஆற்றில் குளிக்கிறவர்கள், மணல் அள்ளுகிறவர்கள், மாடு கட்டப் போனவர்கள், யார் இன்னும் கீழே இருக்கிறார்கள்? மேசை மேல் பழம் உரிக்காமலே கிடந்தது.

நீண்ட நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொலைபேசி அடித்தது. அறியாத குரல்.

"அக்கா, நான் சந்தனம் பேசுறேன்."

"எந்தச் சந்தனம்?"

"தப்பு அடிக்கிற சந்தனம். தலைவர் ஒங்களுக்குச் சொல்லச் சொன்னாரு. ஒங்க ஆபிஸ் நம்பர் அவருக்கு மனப்பாடமா இருக்கு. அவரு போன் தண்ணில போயிருச்சு."

"ஆளுங்க?"

"ஏறிட்டோம்க்கா. நாங்க அஞ்சு பேரும் ஏறிட்டோம். தலைவர்தான் ஏற முடியாமப் பாதி வழியில நின்னுட்டாரு. ரெண்டு பேரு இழுத்து, ரெண்டு பேரு பின்னால தள்ளி, ஏத்திட்டோம். பயங்கர கனம்க்கா." பின்னால் பெருமாள் அண்ணன், "டேய், அதை எதுக்குடா சொல்ற" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னது கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்து இருமலாக்கிச் சமாளித்தேன்.

"மணல் திட்டே இல்லக்கா இப்ப. தீ போட்ட எடம் எங்கன்னு தெரியல. பெரிய மரமெல்லாம் உருண்டு போகுது. மூனு தப்பு போயிருச்சு. ரெண்டு தப்புத் தூக்கிட்டோம், அதுவும் நனைஞ்சு தொங்கிருச்சு, சத்தம் வராது."

"கரகம்?"

"பீலியிலேருந்து ஏறிக்கிட்டு இருக்கு. இப்ப இங்கயும் மழ புடிச்சிருச்சு. பொம்பளைங்க கை தட்டிப் பாட்டுப் பாடிப் போறாங்க. பூசாரி துள்ளிக்கிட்டுப் போறாரு."

பிறகு அவன் கேட்டான். "அக்கா, நீங்க மத்தியானமே சொல்லிட்டீங்களாம்ல?"

"சொன்னேன். ரெண்டு தரம் சொன்னேன்."

"ஓ. எங்ககிட்ட யாரும் சொல்லல."

அவன் குரலில் கோபமே இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் படாத கோபத்தையும் சேர்த்து நான் அன்றைக்குப் பட்டேன், இன்றைக்கும் படுகிறேன்.

"தம்பி, இப்பப் பேசுறது ஒங்க சொந்த போனா?"

"ஆமாக்கா."

எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

தோட்டத்தில் ஆத்தாதான் காப்பாற்றினாள் என்று பேசிக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அவளும் மழைத் துறைதான், எனக்கு எவ்வளவோ மூத்தவள். போன மூன்று தப்புக்கும் கமிட்டி புதுத் தப்பு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பெருமாள் அண்ணனிடம் சண்டை போட்டேன். அவர் மறுக்கவில்லை. அவர் பாதத்தில் முள்ளும் கல்லும் கிழித்த காயம் ஆற நாளானது. அவரைத் திட்ட நினைக்கும்போதெல்லாம் அந்தக் காலும் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும்.

அந்த ஆண்டிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை, அந்தத் தோட்டத்துக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சந்தனத்துக்குத்தான் சொன்னேன். எனக்குப் பிறகு வந்த பிள்ளைகளும் அப்படியே செய்கிறார்கள். ஏன் என்று கேட்காமல் செய்துகொண்டிருந்தவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பெருமாள் அண்ணனுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

"என்னா தங்கச்சி, தலைவர்னு நான் ஒருத்தன் இருக்கேன். ஒரு வார்த்தை எனக்குச் சொல்லக் கூடாதா?"

"சந்தனம் சொல்வாருல்ல?"

"சொல்றான், சொல்றான். நான் சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னால வந்து சொல்லிப்புட்டுப் போறான்."

சந்தனம் தலைவருக்குச் சொல்ல மறந்ததாக இன்றுவரை ஒரு புகாரும் வரவில்லை.